உயரம், வேகம், பிறகுதான் சூடு

மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானத்தின் சக்கரக் கால்கள் இறக்கையில் மாட்டப்பட்டவை அல்ல. உடற்பகுதியில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்குபவை. இறக்கையைக் கழற்றி வைத்தாலும் விமானம் தன் காலிலேயே நிற்கும் என்பதால் பழுதுபார்ப்பவர்களுக்கு அது பெரிய வசதி. ஓட்டியவர்களுக்கோ அதுவே ஆபத்து. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளி குறைவு. புறப்படும்போது த்ராட்டிலை வேகமாகத் தள்ளினால் இன்ஜினின் விசையில் முகப்பு இடப்பக்கம் இழுக்கும். வலது ரட்டரை உரிய நேரத்தில் மிதிக்காவிட்டால் இறக்கை நுனி தரையில் உரசிவிடும். எதிரியையே பார்க்காமல் ஓடுபாதையில் நொறுங்கிப்போன 109கள் ஏராளம்.

அறுபது ஆண்டுகள் கழித்து, கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மாடி அறையில், கணினித் திரையில் அதே விமானம் அதே மாதிரி இடப்பக்கம் இழுத்தது. பொறியியல் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞன் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்தான். அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். எதிலும் கோளாறு இல்லை. அந்த விமானம் அப்படித்தான் என்று தெரிந்தபோது அவனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

அதுவரை அவன் விளையாடிய விமான விளையாட்டுகளில் ஒரு பட்டனை அழுத்தினால் விமானம் மேலே போகும், இன்னொன்றை அழுத்தினால் சுடும். எந்த விமானத்தில் ஏறினாலும் கையில் ஒரே உணர்வுதான். இதில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குணம் இருந்தது. அந்தக் குணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தைத் தேடிப்போனால் 1930களில் ஒரு ஜெர்மானியப் பொறியாளர் எடுத்த முடிவில் போய் முடிந்தது.

அந்த விளையாட்டு 'இல்-2 ஸ்டர்மோவிக்'. மாஸ்கோவில் ஓலெக் மேடாக்ஸ் தலைமையிலான குழு உருவாக்கி 2001 இறுதியில் வெளிவந்தது. அந்தக் காலத்து விமானப் போர் விளையாட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்து வானத்தையும் பசிபிக் கடலையுமே சுற்றிக்கொண்டிருந்தன. இது ரஷ்ய முனையை எடுத்துக்கொண்டது. தலைப்பில் இருக்கும் இல்-2, 36,000க்கும் மேல் கட்டப்பட்ட தரைத்தாக்குதல் விமானம். உலகில் வேறெந்தப் போர் விமானமும் அத்தனை கட்டப்படவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அதுவரை அவனுக்குத் தெரியாது.

நண்பர்களிடையே கைமாறிக்கொண்டிருந்த சிடிக்களில் வேறு நல்ல விளையாட்டுகளும் இருந்தன. மைக்ரோசாஃப்டின் காம்பேட் ஃப்ளைட் சிமுலேட்டரும் யூரோப்பியன் ஏர் வாரும் 1998இல் வந்தவை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஃபால்கன் 4.0 வேறு உயரத்தில் இருந்தது. எஃப்-16 விமானத்தை ஸ்விட்ச் ஸ்விட்சாகச் செய்து வைத்திருந்தார்கள். கொரியத் தீபகற்பத்தில் ஒரு போர், விளையாடுபவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். அதையும் அவன் முயன்றான். ஆனால் ஜெட் விமானத்தில் எதிரி ரேடார் திரையில் ஒரு புள்ளி. ஏவுகணை எங்கோ போய் எதையோ வீழ்த்துகிறது. காற்று எப்படித் தாங்குகிறது, எப்போது கைவிடுகிறது என்பதை முதலில் கையால் அறிய வேண்டும் என்று நினைத்தவனுக்கு ப்ரொப்பெல்லர் விமானமே சரியாகப் பட்டது. அந்த முடிவு சரியானது. இன்றைக்குத் தொடங்குபவர்களுக்கும் அதையேதான் சொல்ல வேண்டும்.

தனியாகக் கணினியோடு மோதிய மாதங்கள் விரைவிலேயே அலுத்துவிட்டன. கணினி ஓட்டும் விமானம் தவறு செய்வதும் ஒரே மாதிரி, தப்பிப்பதும் ஒரே மாதிரி. இணையத்தில் மனிதர்களோடு பறக்க வேண்டும்.

அந்த ஆசைக்கு அப்போதே வயதாகியிருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கெல்ட்டன் ஃப்ளின், ஜான் டெய்லர் இருவரும் தொடங்கிய கெஸ்மாய் நிறுவனம், 1980களின் இறுதியிலேயே 'ஏர் வாரியர்' என்ற விளையாட்டைத் தொலைபேசி வழி இணைப்பில் நடத்தியது. வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரே வானத்தில் பறந்து மோதினார்கள். கோடுகளால் வரைந்த விமானங்கள், மணிக்கணக்குக் கட்டணம். அப்படியிருந்தும் மக்கள் கூடினார்கள். எதிரில் இருப்பது இன்னொரு மனிதர் என்ற ஒன்றுக்காகத்தான்.

கோவைக்கு பிராட்பேண்ட் வந்த பிறகு அவனுக்கும் அது வாய்த்தது. ஹைப்பர்லாபி என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் எந்த சர்வரில் எத்தனை பேர் பறக்கிறார்கள் என்ற பட்டியல் விரியும். பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அவர்களுக்கு மாலை எட்டு மணி என்றால் இங்கே நள்ளிரவை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். வீடு தூங்கிய பிறகு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மின்விசிறிச் சத்தம் மைக்கில் கேட்காதபடி அதையும் நிறுத்திவிட்டு அவன் ஸ்டாலின்கிராடுக்குப் புறப்படுவான்.

தூரம் ஒரு சிக்கலாக வந்தது. ஐரோப்பிய சர்வருக்கும் கோவைக்கும் நடுவே செய்தி போய்வர ஏறத்தாழ 300 மில்லிசெகண்டு ஆகும். கேட்பதற்குச் சின்ன எண். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அந்த நேரத்தில் 40 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஒரு 109இன் நீளம் 9 மீட்டர்தான். எதிரி இப்போது எங்கே இருப்பான் என்று, கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் திசையையும் வைத்துக் கணினி ஊகித்துத்தான் திரையில் காட்டுகிறது. நேராகப் போகும் எதிரி என்றால் ஊகம் பலிக்கும். சட்டென்று திரும்புகிறவன் துள்ளித் துள்ளித் தெரிவான். ஆகவே எதிரி வளைந்து நெளியும்போது சுடக் கூடாது, அவன் தன்னைக் கவனிக்காமல் நேராகப் பறக்கும்போது அணுகிச் சுட வேண்டும் என்று இணைப்பின் வேகமே அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. உண்மையான போரிலும் வீழ்த்தப்பட்ட விமானிகளில் பெரும்பாலோர் தங்களை வீழ்த்தியவரைப் பார்க்கவே இல்லை என்பதைப் பிற்பாடு படித்தான்.

அவனுக்கு ஆசிரியராக அமைந்தவர் ஒரு போலந்துக்காரர். உண்மைப் பெயரை அவர் சொன்னதில்லை, இவனும் கேட்டதில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது தட்டுத்தடுமாறிய ஆங்கிலம் மட்டும். அவர் கொடுத்த முதல் பயிற்சியில் சுடுவதே கிடையாது. "என் பின்னால் வா, எங்கே போனாலும் பின்னாலேயே இரு" என்பதுதான் பாடம். மேகத்துக்குள் புகுவார், ஆற்றின் மீது தாழ்ந்து போவார், செங்குத்தாக ஏறித் தலைகீழாகப் புரண்டு இறங்குவார். பின்தொடர்பவன் அவரைவிட இறுக்கமாகத் திரும்ப முயன்றால் திரை கறுக்கும், ரத்தம் தலையிலிருந்து இறங்குவதை விளையாட்டு அப்படிக் காட்டும். இன்னும் இழுத்தால் இறக்கை காற்றை விட்டுவிடும், விமானம் ஸ்டால் ஆகிச் சுழன்று விழும். துரத்துவதற்கு வளைவை வெட்டிக் குறுக்கே போவது எப்போதும் உதவாது, சில சமயம் மேலே ஏறி வேகத்தைக் குறைத்து மறுபடி இறங்குவதுதான் குறுக்குவழி என்று உடம்பில் ஏறும்வரை அந்தப் பயிற்சி தொடர்ந்தது.

இதற்குள் ஒளிந்திருக்கும் இயற்பியலை அவன் வகுப்பறையில் ஏற்கெனவே படித்திருந்தான். ஊஞ்சல் உச்சியில் நிற்கும்போது வேகமில்லை, உயரம் இருக்கிறது. அடியில் வரும்போது உயரமில்லை, வேகம் இருக்கிறது. ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். விமானச் சண்டையும் அதுதான். உயரத்தில் இருப்பவன் வேண்டும்போது வேகமாக மாற்றிக்கொள்வான், தாக்குவான், மிஞ்சிய வேகத்தை மறுபடி உயரமாக மாற்றிக்கொண்டு கைக்கெட்டாமல் போய்விடுவான். ஒவ்வொரு கூர்மையான திருப்பமும் இந்த இருப்பைக் கரைக்கிறது. அமெரிக்க விமானி ஜான் பாய்ட், கணிதவியலாளர் தாமஸ் கிறிஸ்டி இருவரும் 1960களில் இதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். எஃப்-16இன் வடிவமைப்புவரை அதன் தாக்கம் நீண்டது.

சமன்பாடு வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இதை அனுபவத்தால் அறிந்தவர் சோவியத் விமானி அலெக்சாந்தர் பொக்ரீஷ்கின். உயரம், வேகம், நகர்வு, சூடு என்ற வரிசையைத் தன் படைப்பிரிவுக்குச் சூத்திரமாக வகுத்துக் கொடுத்தார். வரிசையை மாற்றினால் பயனில்லை, சூடு கடைசி. 1943இல் கூபான் பகுதியில் அவர் தம் விமானங்களை ஒரே உயரத்தில் கூட்டமாக அனுப்பாமல் அடுக்கடுக்காக நிறுத்தினார். கீழடுக்கு மாட்டிக்கொண்டால் மேலடுக்கு இறங்கி வரும். பாடநூலில் இதைப் படித்திருந்தால் மறந்துபோயிருக்கும். நள்ளிரவில் ஒரு சர்வரில் கீழடுக்கில் பறந்துகொண்டு, மேலிருந்து போலந்துக்காரர் இறங்கி வந்து தன் வாலிலிருந்த 109ஐ விலக்கியதைப் பார்த்தவனுக்கு மறக்க வழியே இல்லை.

சுடுவது தனிக் கலை. பிரிட்டன் சண்டையில் பறந்த ஸ்பிட்ஃபயரில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 குண்டுகள். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் 15 வினாடியில் தீர்ந்துவிடும். துப்பாக்கிகள் இறக்கையில் தள்ளித் தள்ளி இருப்பதால் குண்டுகள் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் ஒன்றுகூடும். 1940இல் அந்தத் தூரம் முதலில் 400 கஜமாக இருந்தது, அனுபவப்பட்ட விமானிகள் அதை 250 கஜமாகக் குறைத்துக்கொண்டார்கள். இல்-2 விளையாட்டில் இதை விளையாடுபவரே முடிவு செய்யலாம். அவன் 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டான். கண்ணாடி நிறைய எதிரி விமானம் தெரியும்வரை சுடுவதில்லை என்ற பழக்கம் அதிலிருந்து வந்தது.

பார்ப்பது இன்னும் கடினம். எதிரியைப் பார்க்காதவன் எதையும் செய்ய முடியாது, ஆனால் திரையோ தலை அசைத்தால் அசையாது. தலையசைவைக் கணினிக்குச் சொல்லும் கருவிகள் வெளிநாட்டில் விற்றன. மாணவனின் கைக்கு எட்டாத விலை. ஃப்ரீட்ராக் என்ற இலவச மென்பொருள் வந்தபோது வழி பிறந்தது. ஒரு தொப்பியில் மூன்று இன்ஃப்ராரெட் எல்இடி விளக்குகளைப் பொருத்தி பேட்டரியோடு இணைத்தான். வெப்கேமராவைப் பிரித்து, அதன் கண்ணுக்கு முன்னால் பழைய ஃப்ளாப்பி டிஸ்க்குக்குள் இருக்கும் கறுப்புத் தகட்டை வெட்டி ஒட்டினான். சாதாரண வெளிச்சத்தை அந்தத் தகடு தடுக்கும், இன்ஃப்ராரெட்டை விட்டுவிடும். கேமராவுக்கு மூன்று புள்ளிகள் மட்டும் தெரிய, தலை திரும்பியதும் காக்பிட் திரும்பியது. தோளுக்குப் பின்னால் தன் விமானத்தின் வாலை முதன்முதலாகப் பார்த்த அந்த இரவு, கற்றுக்கொண்டதெல்லாம் ஒன்றுசேர்ந்தது.

போருக்கு இணையாகப் பதிவுகளும் அவனுக்குப் பாடமாயின. பறந்ததை அப்படியே பதிவு செய்து, பிறகு அதே சண்டையை எதிரியின் பக்கத்திலிருந்தும் ஓட்டிப் பார்க்கும் வசதி அந்த விளையாட்டில் இருந்தது. வீழ்ந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால், குண்டு பட்ட நொடி முக்கியமில்லை என்று புரியும். அதற்கு ஒரு நிமிடம் முன்பே சண்டை முடிந்திருக்கும். சூரியனுக்குள் ஒரு புள்ளி இருந்திருக்கும். அல்லது தேவையில்லாத ஒரு திருப்பத்தில் வேகம் போயிருக்கும். ஒரு விமானப் போர் விளையாட்டு நல்லதா என்று அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது: தோற்றவனுக்கு அது காரணம் காட்ட வேண்டும். மேகம் எவ்வளவு அழகு, விமானங்கள் எத்தனை நூறு என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அவன் விமானத்தை மாற்றிக்கொண்டே இருக்கவில்லை. யாக்-1 ஒன்றிலேயே நெடுங்காலம் பறந்தான். மரமும் துணியும் கலந்த எளிய விமானம். தாழ்வான உயரத்தில் வேகமாகத் திரும்பும், ஏறும்போது 109க்குப் பின்தங்கும். அதன் எல்லை கைக்குப் பழகிய பிறகு அதை ஓட்டியவர்களைப் பற்றித் தேடிப் படித்தான். லிடியா லித்வியாக் என்ற பெண் ஸ்டாலின்கிராடு வானத்தில் யாக்-1இல் பறந்து பல விமானங்களை வீழ்த்தியவர். 1943 ஆகஸ்ட் 1 அன்று பறந்துபோனவர் திரும்பவில்லை. வயது 21. அந்த வயதைக் கடந்துகொண்டிருந்தவன் அன்றிரவு சர்வரில் நுழையவில்லை. திரையில் பாராசூட்டில் குதித்தால் அடுத்த நிமிடம் புது விமானம் கிடைக்கும். லித்வியாக்குக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எதிராளி பாராசூட்டில் இறங்கும்போது சுடுகிறவர்கள் இருக்கும் சர்வர்களில் அவன் பறப்பதை நிறுத்திக்கொண்டான். விளையாட்டுதானே என்று சிலர் சொன்னார்கள். அவன் அப்படி நினைக்கவில்லை.

ஆண்டுகள் ஓடின. வேலை, திருமணம், குழந்தை. போலந்துக்காரரின் பெயர் பட்டியலில் வருவது குறைந்து ஒரு கட்டத்தில் நின்றுபோனது. ஜாய்ஸ்டிக் பரணுக்குப் போனது. அதை இறக்கச் செய்தவன் ப்ளஸ் டூ படிக்கும் அக்கா மகன். சூலூர் விமானப்படைத் தளத்தில் 2018 முதல் தேஜஸ் விமானங்கள் இருக்கின்றன. பையனின் பள்ளி மைதானத்துக்கு மேலே அவை பறக்கும்.

"மாமா, இந்த விமான வெளையாட்டுகள்ல எதுங்க வாங்கலாம்?"

"மொதல்ல எதையும் வாங்காத கண்ணு. காசு கேக்காததே ரெண்டு இருக்கு."

ஒன்று வார் தண்டர். கைஜின் நிறுவனம் 2012இல் பொதுச் சோதனைக்குத் திறந்துவிட்டது. ஒரே விளையாட்டில் மூன்று விதமான ஆட்டம். முதலிரண்டிலும் மவுஸால் திசை காட்டினால் போதும், விமானத்தை அந்தப் பக்கம் திருப்பும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். மூன்றாவதான சிமுலேட்டர் ஆட்டத்தில்தான் காக்பிட்டுக்குள் உட்கார்ந்து முழுவதையும் தானே செய்ய வேண்டும். கூட்டத்துக்குப் பஞ்சமில்லை, எந்நேரமும் எதிரி கிடைப்பார். ஆனால் அடுத்த விமானம், அதற்கடுத்த விமானம் என்று ஏணி நீண்டுகொண்டே போகும். ஒரு விமானத்தைக் கற்று முடிப்பதற்குள் இன்னொன்றுக்கு ஆசைகாட்டும் அந்த அமைப்பு, கற்க வந்தவனுக்கு நல்லதல்ல என்பது மாமாவின் உறுதியான கருத்து.

இன்னொன்று டிசிஎஸ் வேர்ல்டு. அடிப்படை விளையாட்டு இலவசம், கூடவே இரண்டு விமானங்கள். சு-25டி ஆயுதமேந்திய தரைத்தாக்குதல் ஜெட். டிஎஃப்-51டி ஆயுதமில்லாத மஸ்டாங் பயிற்சி விமானம். மற்ற விமானங்களைத் தனித்தனியே விலைகொடுத்து வாங்க வேண்டும், விலையும் அதிகம். ஆனால் அந்த ஆயுதமற்ற மஸ்டாங் ஒன்றே போதும். அதில் எரிபொருள் வால்வு முதல் எல்லா ஸ்விட்சும் வேலை செய்யும். பையன் அதில் இன்ஜினைக் கிளப்பவும், நேராக ஓடி எழவும், வட்டமடித்து வந்து இறங்கவும் கற்றான். சுட எதுவும் இல்லாததால் கவனம் முழுக்க ஓட்டுவதிலேயே இருந்தது.

அது பழகிய பிறகே காசு செலவானது. முதலில் கிராஃபிக்ஸ் கார்டு கேட்டான் பையன். மாமா வாங்கிக் கொடுத்தது கைப்பிடியைத் திருகினால் ரட்டர் அசையும் ஒரு ஜாய்ஸ்டிக். தலையசைவுக்கு இப்போது தொப்பியும் விளக்கும் வேண்டாம். ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமராவிலேயே முகத்தை அடையாளம் கண்டு பின்தொடர்கிறது. தள்ளுபடி நாளில் இல்-2 வரிசையின் புதிய தலைமுறை விளையாட்டை வாங்கினார்கள். 2014இல் ஸ்டாலின்கிராடில் தொடங்கிய அந்த வரிசை மாஸ்கோ, கூபான் என்று விரிந்திருந்தது. பையனுக்கும் முதல் விமானம் யாக்-1தான். முதல் பாடமும் அதேதான்: சுடாதே, என் பின்னாலேயே வா.

இப்போது சனிக்கிழமை இரவுகளில் இருவரும் கூபான் வரைபடத்தில் பறக்கிறார்கள். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. எதிரியைப் பார்த்தால் திசையைக் கடிகார மணியாகச் சொல்ல வேண்டும், உயரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதற்குமேல் பேசக் கூடாது.

"பத்து மணிப் பக்கம், கீழ, ரெண்டு பேருங்க மாமா."

"பாத்துட்டேன். நீ எறங்காத. அவங்க திரும்பட்டும்."

மேலடுக்கில் நிற்பது பையன். காத்திருக்கும் பொறுமை அவனுக்கு மாமாவைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது.

ஆனாலும் அவன் மனசு ஜெட்டில்தான். டிசிஎஸ்ஸில் பல விமானங்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்பதைக் கண்டுபிடித்து எஃப்-16ஐ இறக்கி வைத்திருக்கிறான். அதன் கையேடு நூற்றுக்கணக்கான பக்கம். ரேடார் பகுதியை மாமா வாய்விட்டுப் படிக்க, பையன் காக்பிட்டில் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தொட்டுச் சரிபார்க்கிறான். இந்த வாரம் ஐந்து ஸ்விட்ச் முடிந்திருக்கிறது. இலவச நாட்கள் தீர்வதற்குள் ஒருமுறையாவது வானத்தில் எரிபொருள் நிரப்பித்தரும் விமானத்தோடு சேர்ந்து பறந்துவிட வேண்டும் என்பது பையனின் திட்டம். அதற்கும் முதலில் பின்னாலேயே போகத்தான் தெரிய வேண்டும்.